வெயிலின் கணக்கு

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலில் கதிரவனும் ஒரு பணியாளன். கூலிப் பட்டியலில் மட்டும் அவன் பெயர் இராது. தாள் குழல்களையும் திரிகளையும் மருந்து நிரப்பிய வெடிகளையும் உலர்த்தித் தருபவன் அவனே. மழை குறைந்த கரிசல் நிலம், ஆண்டின் பெரும்பகுதி நீடிக்கும் வறண்ட காற்று ஆகிய இரண்டையும் முதலாகக் கொண்டே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றின. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுவந்தனர். தொழில்நுட்பம் வெளியிலிருந்து வந்தது. வெயில் இங்கேயே இருந்தது.

இதே கதிரவனை வேறோர் இடத்திலும் மனிதர் நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். பெங்களூருவில் விண்கலங்களை வடிவமைக்கும் பொறியாளர்கள், ஒரு கலத்தின் எந்தப் பக்கத்தில் எந்த நொடியில் எவ்வளவு வெயில் படும், அதனால் உள்ளிருக்கும் மின்கலம் எத்தனை டிகிரி சூடேறும் என்பதைக் கலம் புறப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கணினியில் கணக்கிட்டு வைக்கின்றனர். விண்ணில் பறக்கும் ஓர் அலுமினியப் பெட்டிக்குக் கிடைக்கும் இக்கணக்கு, வெம்பக்கோட்டையிலோ சாத்தூரிலோ வெடிமருந்து உலரும் ஒரு மேடைக்கு ஏன் கிடைக்கவில்லை? இவ்வினா விண்வெளித் துறையைக் குறைகூறுவதற்காக எழுவதன்று. அத்துறை கற்றுக்கொண்டதைத் தரையில் இருப்போர் கேட்டுப் பெறவில்லை என்பதற்காக எழுவது.

ஒளி மட்டும் போதுமா?

வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்கள் இன்று பலரின் கைகளில் உள்ளன. ஸ்டெல்லேரியம் என்னும் கட்டணமற்ற மென்பொருளைக் கைப்பேசியில் திறந்தால், இன்றிரவு சிவகாசி வானில் எந்த விண்மீன் எந்தத் திசையில் தெரியும் என்பது உடனே விளங்கும். செலஸ்டியா என்னும் மற்றொன்று, கோள்களுக்கு இடையே பறப்பது போன்ற காட்சியைத் தருகிறது. இவை நல்ல கருவிகள். வானியலைப் பல்லாயிரம் மாணவர்க்கு அறிமுகம் செய்தவை. எனினும் இவை கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. திரையில் எழும் கதிரவனால் எதுவும் சுடுவதில்லை.

கண்ணுக்காகச் செய்வதிலும் இடர்ப்பாடு உண்டு. கதிரவனின் ஒளி முழுநிலவின் ஒளியைப் போல ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை எந்தக் கணினித் திரையும் காட்டவல்லதன்று. ஆகவே மென்பொருளாளர் கதிரவனைக் குறைத்தும் மங்கிய பொருளைக் கூட்டியும் காட்டுகின்றனர். காற்றில்லா வெளியில் ஒரு பொருளின் நிழற்பக்கம் பெரும்பாலும் கரிய இருளாகவே இருக்கும். பார்ப்பவர்க்கு ஒன்றும் தெரியாமற் போகுமே என்று அங்கே சிறிது பொய்வெளிச்சம் சேர்ப்பதும் வழக்கம். ஓவியர் செய்யும் சமரசம் இது; குற்றமில்லை. ஆனால் விண்கலம் செய்பவர் இச்சமரசத்தைச் செய்ய இயலாது. அவர்க்கு வேண்டுவது காட்சியன்று. சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்னும் எண்.

அந்த எண்ணின் தொடக்கம் எளியது. பூமி இருக்கும் தொலைவில், காற்று மண்டலத்துக்கு வெளியே, கதிரவனை நேர்நோக்கிய ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் சராசரியாக 1361 வாட் ஆற்றல் விழுகிறது. தொலைவு இருமடங்கானால் இது நான்கில் ஒன்றாகும். இதுவே எதிர்த்தகவு இருமடி விதி. செவ்வாயின் தொலைவில் இது நூற்றுக்கு 43 பங்காகக் குறைகிறது. வியாழனில் 27இல் ஒரு பங்கு. புதனிலோ ஆறரை மடங்குக்கும் மேலாக உயர்கிறது. இவ்வளவையும் ஒரு பள்ளி மாணவர் தாளில் எழுதிவிடலாம்.

தொலைவு மட்டுமே வெப்பத்தை முடிவு செய்வதன்று என்பதற்குச் சிவகாசியே சான்று. பூமி கதிரவனுக்கு மிக அருகில் வருவது சனவரி மாதத் தொடக்கத்தில். அதாவது மார்கழிப் பனியில். அப்போது பூமிக்கு வரும் வெயில், சூலை மாதத் தொடக்கத்தில் வருவதைவிட நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதி. இருந்தும் கரிசற்காடு மார்கழியில் வெடிப்பதில்லை, சித்திரையில் வெடிக்கிறது. காரணம் கோணம். சிவகாசி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் உள்ளது. சித்திரை பிறக்கும் நாளையொட்டி நண்பகற் கதிரவன் அங்கே உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கிறான்; நட்டுவைத்த கோலின் நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. சனவரி நண்பகலில் அவன் 32 பாகை தெற்கே சாய்ந்திருப்பான். சாய்ந்த வெயில் அகன்ற பரப்பில் பரவி மெலிகிறது. நேர் வெயில் குவிந்து விழுகிறது. பகற்பொழுதின் நீளமும், நாள்தோறும் மண்ணில் சேர்ந்த சூடும் இதனுடன் கூடுகின்றன. தொலைவு, கோணம், நேரம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கணக்கில் எடுக்காத மென்பொருள், மார்கழியைக் கோடை என்று சொல்லிவிடும்.

மத்தாப்பும் விண்மீனும்

விண்மீன்களின் ஒளியைக் கணினியில் படைப்பவர் முதலில் கற்கும் பாடம், சிவப்பு என்பது சூட்டின் மிகுதியன்று என்பது. ஓரியன் கூட்டத்தில் செந்நிறமாகத் தெரியும் திருவாதிரை ஏறத்தாழ 3500 கெல்வின் வெப்பநிலை உடையது. அதே கூட்டத்தில் நீலம் கலந்த வெண்மையுடன் ஒளிரும் ரைகெல் 12,000 கெல்வினை ஒட்டியது. கொல்லர் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பின் மஞ்சளாகி, பின் வெளுப்பதும் இவ்விதியினாலேயே. வெப்பத்தினால் எழும் இவ்வொளி எல்லா நிறங்களும் விட்டுவிடாமல் கலந்த தொடர் நிறமாலை.

பட்டாசின் நிறமோ வேறு வகை. வண்ண மத்தாப்பின் சிவப்பு ஸ்டிரான்சியத்தினுடையது, பச்சை பேரியத்தினுடையது, மஞ்சள் சோடியத்தினுடையது, நீலம் செம்பினுடையது. சுடரின் சூட்டினால் கிளர்ந்தெழும் அணுக்களும் மூலக்கூறுகளும் தமக்கே உரிய அலைநீளங்களில் மட்டும் ஒளியை உமிழ்கின்றன. ஆகவே சிவப்பு மத்தாப்பு பச்சை மத்தாப்பைவிடச் சூடு குறைந்தது என்று முடிவு செய்ய இயலாது. ஆனால் கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொன்னிறப் பொறிகள், காற்றில் எரியும் இரும்புத் துகள்கள். அவை உலையிரும்பைப் போல, விண்மீனைப் போல, வெப்பத்தினாலேயே ஒளிர்பவை. விண்வெளி மென்பொருள் எழுதுவோர் விண்மீனுக்கு ஒரு கணக்கும், ஓரியன் கூட்டத்து ஒண்முகிலுக்கு வேறொரு கணக்கும் வைத்திருப்பதன் காரணமும் இதுவே. முகிலின் செந்நிறம் ஹைட்ரஜன் அணுவின் கையொப்பம். அது முகிலின் வெப்பநிலையைச் சொல்லும் நிறமன்று. தீபாவளி இரவில் ஒரே தெருவில் எரியும் இருவகை ஒளியைப் பிரித்தறிந்த மாணவர்க்கு இப்பாடம் புதிதாகாது.

இந்த அறிவு வளர்ந்த வரலாற்றில் தென்னாட்டுக்கும் பங்குண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பைக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் ஆராய்ந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து நிறமாலைமானி கொண்டு நோக்கினார். கதிரவனின் விளிம்பு ஒளியில், சோடியத்தின் மஞ்சள் வரிகளுக்கு மிக அருகே, ஆனால் அவற்றோடு பொருந்தாத ஒரு மஞ்சள் வரி புலப்பட்டது. அதற்குரிய தனிமம் பின்னர் ஹீலியம் எனப் பெயர் பெற்றது. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட், கதிரவப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கி ஓடுவதை நிறமாலை வரிகளின் நகர்வைக் கொண்டே கண்டுபிடித்தார். அக்குன்றின் மீது நூறாண்டுக்கும் மேலாகச் சேர்த்து வைக்கப்பட்ட கதிரவப் படங்கள் இன்று எண்மமாக்கப்பட்டு ஆய்வுக்குப் பயன்படுகின்றன. அவ்வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியையும் உருவாக்கியது.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட அவ்விண்கலம், 2024 சனவரி 6 அன்று பூமியிலிருந்து கதிரவனை நோக்கி 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள தன் இடத்தைச் சேர்ந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகார் சாஜி, விருதுநகர் மாவட்டத்தை அடுத்துள்ள தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டையில் பிறந்தவர். கதிரவனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தொலைவில் 15 இலட்சம் கிலோமீட்டர் என்பது நூறில் ஒரு பங்கே. ஆகவே அங்கு வெயில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் கூடும். ஆனால் அவ்விடத்தில் இரவு என்பதே கிடையாது. ஆண்டு முழுதும் ஒரே முகம் வெயிலில், மறுமுகம் நிழலில்.

நிலவில் ஆறு பாகை

வெற்றிடத்தில் சூட்டைத் தணிக்கக் காற்று கிடையாது. வெயிலில் நின்றவர் நிழலுக்கு வந்து விசிறிக்கொள்வது போன்ற ஆறுதல் விண்கலத்துக்கு இல்லை. ஏற்ற வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக உமிழ்ந்துதான் அது தன்னைக் குளிர்விக்க வேண்டும். உமிழும் அளவு, கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. இதனை ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மேன் விதி என்பர். பொறியாளர் கலத்தை ஆயிரக்கணக்கான சிறு கணுக்களாகக் கணினியில் பிரிக்கின்றனர். ஒவ்வொரு கணுவும் கதிரவனிடமிருந்து எவ்வளவு பெறுகிறது, பக்கத்துக் கணுவுக்கு எவ்வளவு கடத்துகிறது, வெளியே எவ்வளவு உமிழ்கிறது என்று வரவுசெலவு எழுதப்படுகிறது. கணக்கில் கண்டதைச் சோதிக்க, கலத்தைப் பெரிய வெற்றிடக் கலனுக்குள் வைத்து வெப்பத்தையும் குளிரையும் மாறிமாறி ஊட்டுகின்றனர். கணக்கும் சோதனையும் ஒத்துவந்த பிறகே கலம் ஏவுதளத்துக்குச் செல்கிறது. விண்கலத்தைப் போர்த்தியுள்ள பொன்னிறப் படலம் அழகுக்காக அன்று. பல அடுக்குகளாலான வெப்பக் காப்பு அது.

இத்தனை இருந்தும் கணக்கு பிசகுவதுண்டு. 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1 நிலவை 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவந்தது. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். அவ்வாண்டு நவம்பரிலேயே கலத்தின் உள்வெப்பம் 50 டிகிரி செல்சியஸை எட்டியது. நிலவுக்கு அருகே எதிர்பார்த்ததைவிடச் சூடு மிகுந்திருந்தது. நிலவு தன்மேல் விழும் வெயிலில் எட்டில் ஒரு பங்கு அளவே திருப்பி அனுப்புகிறது. எஞ்சியதை விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்பாக வெளிவிடுகிறது. மேலே கதிரவன், கீழே காய்ந்த கல் என்று இரு பக்கமும் வாட்டின. பொறியாளர் கலத்தை 20 பாகை திருப்பினர். சில கருவிகளை நிறுத்திவைத்தனர். சூடு பத்து டிகிரி அளவுக்குத் தணிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கலம் 200 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டது. ஆகஸ்டு இறுதியில் தொடர்பு அறுந்தது. அதற்குள் அது நிலவில் நீரின் தடயங்களைக் காண உதவிவிட்டது வேறு செய்தி.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அதை எவரும் விதி என்றோ எதிர்பாராத விபத்து என்றோ கூறி விட்டுவிடவில்லை. எந்த எண் தவறியது என்று தேடினர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சென்ற சந்திரயான்-3, நிலவின் மண்ணில் ஒரு வெப்பமானியையே ஊன்றியது.

2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென் பகுதியில் ஏறத்தாழ 69 பாகை அகலாங்கில் இறங்கிய அக்கலத்தின் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். அதில் இருந்த சேஸ்ட் என்னும் கருவி, மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் சூடும், 8 சென்டிமீட்டர் ஆழத்தில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி குளிரும் இருப்பதைக் காட்டியது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதற்குள் கோடையும் உறைபனியும். நிலவு மண் அவ்வளவு அரிதாகவே வெப்பத்தைக் கடத்துகிறது.

2025இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. கருவி ஊன்றிய இடத்தில் மேற்பரப்பு வெப்பநிலை 355 கெல்வின், அதாவது 82 டிகிரி செல்சியஸ் வரை சென்றது. அங்கிருந்து ஒரு மீட்டர் அளவே தள்ளியிருந்த சமதளத்திலோ 332 கெல்வின், அதாவது 59 டிகிரி. ஒரு மீட்டர் இடைவெளியில் 23 டிகிரி வேறுபாடு எங்கிருந்து வந்தது? கருவி நின்ற மண் கதிரவனை நோக்கி ஆறு பாகை சரிந்திருந்தது. அவ்வளவே.

இதை மாணவர் தாமே சரிபார்க்கலாம். 69 பாகை அகலாங்கில் நண்பகற் கதிரவன் உச்சியிலிருந்து 69 பாகை தாழ்ந்திருப்பான். சமதளம் பெறும் வெயில், 69 பாகையின் கொசைன் மதிப்பாகிய 0.358 பங்கு. ஆறு பாகை சரிவு இக்கோணத்தை 63 ஆக்குகிறது. அதன் கொசைன் 0.454. ஆக, சரிவு பெறும் வெயில் 1.27 மடங்கு. உமிழ்வு வெப்பநிலையின் நான்காம் அடுக்கு என்பதால், 1.27இன் நான்காம் படிமூலமாகிய 1.06ஆல் 332ஐப் பெருக்கினால் 352 கெல்வின் வருகிறது. கருவி அளந்தது 355. மண்ணின் இயல்பு, அருகில் நிற்கும் கலத்தின் சூடு முதலிய எதையும் சேர்க்காத இரண்டு வரிக் கணக்கு இவ்வளவு அருகே வந்து நிற்கிறது. இதனினும் அரிய சான்று வேறு வேண்டுவதில்லை: வெயிலில் சிறு சாய்வுக்கும் விலை உண்டு, அவ்விலையை முன்கூட்டியே அறியலாம்.

உலர்த்தும் மேடை

இனிச் சிவகாசிக்கு வருவோம். சித்திரை நண்பகலில் தெளிந்த வானத்தின்கீழ் ஒரு சதுர மீட்டர்த் தரையில் விழும் வெயில் ஏறத்தாழ 1000 வாட். நிழலில் வைத்த வெப்பமானி 40 டிகிரி காட்டும்போது, வெயிலில் கிடக்கும் கருநிறப் பரப்பு 60 டிகிரியையும் தாண்டக்கூடும். செய்தித்தாள்கள் அறிவிப்பது முதல் எண்ணை. மேடையின் மேல் உலரும் பொருள் அனுபவிப்பது இரண்டாம் எண்ணை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு எவர் கணக்கிலும் இல்லை என்பதே குறை.

மேடை எத்திசையில் எவ்வளவு சாய்ந்துள்ளது, விரிப்பு கருப்பா வெளுப்பா, அருகில் வெப்பத்தை எதிரொளிக்கும் சுவர் உண்டா, காற்று தடைப்படுகிறதா என்பவை ஒவ்வொன்றும் விண்கலப் பொறியாளர் கேட்கும் அதே வினாக்கள். விடைகளும் அதே சமன்பாடுகளில் உள்ளன. தரையில் காற்று இருப்பதால் ஓர் உறுப்பு கூடுகிறது, அவ்வளவே. காற்று வீசும்வரை அது சூட்டை வாரிக்கொண்டு போகும். பிற்பகலில் காற்று நின்றதும் மேடை விண்கலத்தின் நிலைமையை நோக்கி நகர்கிறது.

மேடையைவிட அறை கடுமையானது. மின்பொறிக்கு அஞ்சி மின்விசிறி வைக்கப்படாத அறைகளில் மருந்து கலக்கவும் அடைக்கவும் வேண்டியுள்ளது. கூரை சூடேறினால், அது தன் கீழே அமர்ந்திருப்பவர்மீது அகச்சிவப்பைப் பொழியும். சந்திரயான்-1இன் கீழிருந்து நிலவு பொழிந்தது போலவே. கூரையின் மேற்புறம் வெண்சுண்ணாம்பு பூசினால் அது விழுங்கும் வெயில் பெரிதும் குறையும் என்பது விண்கலத்தின் வெண்பூச்சுக்கு உரிய அதே காரணம்தான். பட்டாசு வட்டாரத்து அனுபவசாலிகள் வெயில் ஏறுமுன்பே கலவை வேலையை முடித்துவிட வேண்டும் என்பர். அது வாழ்ந்து கற்ற அறிவு, மதிக்கத்தக்கது. ஆனால் வெயில் ஏறுவது என்பது எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரிக்கு என்பதை அவ்வறிவு சொல்வதில்லை. சொல்லாத எல்லையை அவசரமும் ஆதாயமும் எளிதில் தள்ளிவைத்துவிடும். தீபாவளி நெருங்கும்போது பதினொரு மணி கூடக் காலையாகிவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்பு. பட்டாசு ஆலை விபத்துகளில் பலவற்றுக்கு வெயில் காரணமன்று. மணி மருந்தைக் கையாளும்போது எழும் உராய்வு, ஓர் அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, உரிமம் ஒருவரிடமும் வேலை மற்றொருவரிடமும் இருக்கும் உள்குத்தகை ஆகியவையே விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிப்படுகின்றன. அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும். ஆகவே மழையும் வெயிலைப் போலவே பகை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உள்ளே வேலை செய்தவர் மட்டுமன்றி, புகையைக் கண்டு உதவ ஓடிவந்த ஊராரும் மடிந்தனர். அத்தகைய பேரழிவைக் கொசைன் அட்டவணை தடுத்திருக்கும் என்று கூறுவது உயிரிழந்தவரை அவமதிப்பதாகும். சட்டத்தை நடைமுறைப்படுத்துவது முதற்கடமை. அதற்கு ஈடாக எந்த மென்பொருளையும் முன்வைக்க இயலாது.

இருப்பினும் மறுப்பு முழுமையானதன்று. சூடேறிய கலவை குறைந்த உராய்விலேயே பற்றும். சூடேறிய அறையில் வியர்த்துச் சோர்ந்த கை தவறும். உராய்வு என்று விசாரணை அறிக்கை எழுதும்போது, அந்த உராய்வு எத்தனை டிகிரியில் நிகழ்ந்தது என்பதை அது எழுதுவதில்லை; அளக்கப்படாததை எழுதவும் இயலாது. ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு கூரையின் கீழும் ஒரு வெப்பமானி இருந்து, அதன் எண்கள் நாள்தோறும் பதிவாகுமானால், வெயிலுக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்பதே முதலில் தெளிவாகும். இல்லை என்று தெளிந்தாலும் அது ஆதாயமே. ஐயத்தைத் தெய்வத்தின் தலையில் ஏற்றும் வழக்கம் அத்துடன் குறையும்.

செலவு பெரிதாகும் என்பாரும் உளர். வண்ணத்தின் பொருட்டும் புகையின் பொருட்டும் இத்தொழில் ஏற்கெனவே அறிவியலின் வாயிலைத் தட்டியிருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபின், புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்தளித்தது. வெடிப்பதை வாங்கிக் கொளுத்துவோரின் மூச்சுக்காற்றுக்காக அவ்வளவு நடந்தது. அதைச் செய்வோர் அமர்ந்திருக்கும் அறையின் சூட்டுக்காகச் சில நூறு ரூபாய் வெப்பமானியும் ஒரு கணினி நிரலும் மிகையாகா.

நிரலை எழுதுவோரைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மேனிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியலில் பைத்தான் மொழி கற்பிக்கப்படுகிறது. கொசைன் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. நான்காம் படிமூலத்தைக் கணினி ஒரு வரியில் தந்துவிடும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருவில்லிபுத்தூர்ப் பள்ளிகளில் பயில்வோரில் பலர் பட்டாசுத் தொழிலாளரின் பிள்ளைகள். நாளும் நேரமும் சாய்வும் கொடுத்தால் விழும் வெயிலைச் சொல்லும் நிரல் முப்பது வரிக்குள் அடங்கும். அது சொல்லும் எண்ணைப் பள்ளி மாடியில் இரு அட்டைகளை, ஒன்றைக் கருப்பாகவும் மற்றொன்றை வெள்ளையாகவும், வெயிலில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பள்ளி மாடியே போதும். ஆலைக்குள் எவரும் செல்ல வேண்டா. கணக்கும் கருவியும் எங்கே முரண்படுகின்றன என்று கண்டறிந்த மாணவர், சந்திரயான்-1இன் சூட்டை ஆராய்ந்த பொறியாளர் செய்த வேலையைத்தான் செய்கிறார்.

சித்திரையில் பள்ளிகளில் தேர்வும் விடுமுறையும் நெருங்கியிருக்கும். ஆனால் கதிரவன் சிவகாசிக்கு நேர்மேலே ஆண்டில் இருமுறை வருகிறான். இரண்டாவது வருகை ஆகஸ்டு மாத இறுதியில், ஆவணித் திங்களில். அப்போது பள்ளிகள் திறந்திருக்கும். தீபாவளிக்கான வேலையும் ஆலைகளில் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்.